அமீருன்னிசாவின் கணக்குப் பெட்டி

எங்க வூட்டுக்காரரை யாராவது நல்ல மனுசன்னு சொன்னா எனக்கு உடனே சந்தேகம் வரும். நல்ல மனுசன்தான், இல்லேன்னு நான் சொல்லல. ஆனா அந்த வார்த்தைய நம்பிக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா என்னா ஆவும்னு அமீருன்னிசாவைக் கேளுங்க. அவளும் தன் புருஷனை நல்ல மனுசன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவன் பினாங்குக்குக் கப்பலேறிப் போனான், அங்கியே ஒருத்தியக் கட்டிக்கிட்டான், இவளுக்குத் தலாக் சொல்லிவுட்டுட்டான். புள்ள குட்டியும் இல்ல. கடலூர் ஓல்டு டவுன்ல, அதான் ஓ.டி.யில, அண்ணன் வூட்டு அடுப்பங்கரையோட ஒடுங்கிட்டா.

அண்ணன் பேரு சேக் பரீது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்கி விக்கிற ஆளு. நான் பொறந்ததும் ஓ.டி.தான், அதனால அவரு எனக்கு நானா, அண்ணன் மொறை. எங்க வூட்டுக்காரரு அந்த ஊரு மாப்பிள்ளைங்கிறதால ரெண்டு பேரும் மச்சான் மச்சான்னு கூப்புட்டுக்குவாங்க. நாங்க சிதம்பரத்துல லால்கான் தெருவுல குடியிருந்தோம். யாவாரத்துக்கு வர்றப்பல்லாம் சேக் பரீது எங்க வூட்ல டீ குடிச்சுட்டு, தங்கச்சிய நெனச்சுப் பொலம்பிட்டுப் போவாரு.

எங்க வூட்டுக்காரரு பேரு அப்துல் வதூது. பேரைச் சொல்லிட்டேன், இனிமே சொல்ல மாட்டேன். ஸ்கூல் வாத்தியாரு. அறுபத்தாறாம் வருஷம் கோடை லீவுல மெட்ராஸ்ல வாத்தியாருங்களுக்கு ஒரு கேம்ப் நடந்துச்சு. போறப்ப ஒழுங்காத்தான் போனாரு, வர்றப்ப பித்துப் புடிச்சு வந்தாரு. இனிமே வாத்தியாரே வேணாமாம், பாடமே வாத்தியாராம். ஒரு பக்கத்துல ஒரு சின்ன விஷயம் சொல்லி அங்கியே ஒரு கேள்வி கேப்பாங்களாம். பக்கத்தோட ஓரத்தை மடிச்சு ஒட்டியிருக்கும். நம்ம பதிலை எழுதிட்டு அந்த மடிப்பைப் பிரிச்சா உள்ள சரியான பதில் இருக்கும். ஒத்துப்போச்சுன்னா அடுத்த பக்கம், ஒத்துப்போவலன்னா பழைய பக்கத்துக்கே போவணும். திட்டுறதுக்கு ஆள் கெடையாது, மணி அடிக்கவும் ஆள் கெடையாது.

"படிக்கிறவங்களுக்கு என்னா வேகமோ அதான் பாடத்துக்கும் வேகம், அஸ்மத்து"ன்னாரு.

"அப்ப உங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"னேன்.

சேக் பரீது அடுத்த தடவை வந்து பொலம்புனப்ப இவரு புடிச்சுக்கிட்டாரு. எட்டாவது பரீட்சைய வூட்ல இருந்தே படிச்சு எழுதலாம், பாஸ் பண்ணிட்டா டீச்சர் ட்ரெயினிங்குல சேந்துடலாம், அப்புறம் தங்கச்சி யார் கையையும் எதிர்பாக்க வேணாம்னு சொன்னாரு. அமீருன்னிசா அஞ்சாவதோட நின்னவ. மத்த பாடமெல்லாம் புஸ்தகத்தை வாங்கிப் படிச்சுக்குவா, கணக்குதான் ஒதைக்கும். அதை நான் எழுதித் தர்றேன்னாரு.

"ஆம்பள யாரும் வூட்டுக்குள்ள வர வேணாமே?"ன்னு கேட்டாரு சேக் பரீது.

"பாடம் மட்டுந்தான் மச்சான் வரும்."

எனக்கு அங்கியே சுருக்குனுச்சு. ஓ.டி.யில இல்லாத பொண்ணுங்களா? என் தங்கச்சிகூட நாலாவதோட நின்னவதான், அவளுக்கு எழுதித் தரணும்னு இவருக்குத் தோணுச்சா? பள்ளிக்கூடம் வுட்டு வந்ததும் ஸ்டென்சில் பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு. ஒரு கேள்விய எழுதிட்டு, "இது கஷ்டமா இருக்குமோ? பாவம், இந்த எடத்துல தடுக்கி வுழுந்துடுவாளோ?"ன்னு தனக்குத்தானே பேசிக்குவாரு. நான் தடுக்கி வுழுந்த எடமெல்லாம் இந்த மனுசனுக்குத் தெரியுமா? எழுதுன ஸ்டென்சிலைக் கீழ வீதியில ஒரு சைக்ளோஸ்டைல் கடையில குடுத்துக் காப்பி ஓட்டிக்கிட்டு வருவாரு. மடிப்பு ஒட்டுற வேலை மட்டும் எனக்கு. எவளோ படிக்க நான் கஞ்சிப்பசை தடவணும். தடவுனேன், ஒவ்வொரு பக்கத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் தடவுனேன். கணக்கைத் தவிர ஒரு எழுத்தும் இல்ல. அதுவே எனக்குச் சந்தேகத்தை ஜாஸ்தியாக்குச்சு.

மொத்தம் முப்பது சின்னப் புஸ்தகம் ஆச்சு. போட்டு அனுப்ப எதுவும் இல்லேன்னு எங்க வூட்டு ஜுஸுப் பெட்டிய எடுத்தாரு. குர்ஆனை முப்பது பாகமாப் பிரிச்சு ஒவ்வொரு பாகத்தையும் தனிப் புஸ்தகமா வெச்சிருப்போம், அதை அடுக்கி வைக்கிற மரப்பெட்டி அது. உள்ள இருந்தது நைஞ்சுபோயி பள்ளிவாசலுக்குக் குடுத்துட்டோம், பெட்டி சும்மாதான் கெடந்துச்சு. அளவு கச்சிதமா இருக்குன்னு இவருக்கு ஒரே சந்தோஷம். முப்பதையும் முடிச்சு ஒப்படைக்கணும்னு சொல்லி சேக் பரீது கையில குடுத்துவுட்டாரு. ஒரு வருஷமாவது ஆவும்னு எங்கிட்ட சொன்னாரு.

அடுத்த வாரமே பெட்டி திரும்பி வந்துச்சு. முப்பதும் முடிஞ்சு, பதிலெல்லாம் மையில எழுதி, பெரும்பாலும் சரியா.

இவரு கூடத்துல குதிக்காத கொறைதான். "ஒரு வருஷப் பாடம்! இது மூளையா என்னா, அஸ்மத்து!"

"எம் மூளைய என்னிக்காவது இப்புடிப் புகழ்ந்திருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுப் புஸ்தகங்களை வாங்கிப் பாத்தேன். எதையும் மோந்து பாக்குறது என் பழக்கம். ஒண்ணுல கானாங்கெளுத்தி வாடை, ஒண்ணுல அத்தர், இன்னொண்ணுல வெத்தலைச் சாறு கறை. ஏழாம் நம்பரை ஒரு புஸ்தகத்துல ஒரு தினுசா எழுதியிருக்கு, அடுத்ததுல வேற தினுசா. காட்டுனேன்.

"வேலைக்கு நடுவுல எழுதுனா பொம்பளைங்க கையெழுத்து மாறத்தான் செய்யும்"னாரு.

"பொம்பளைங்க கையெழுத்தைப் பத்தி உங்களுக்கு எப்புடி இவ்ளோ தெரியும்?"

எனக்கு ரெண்டு சந்தேகம். அவ பேரு எடுக்கணும்னு இந்த மனுசனே நடுவுல வாங்கி எழுதிக் குடுத்துட்டாரா? இல்ல, வேற எவனோ அவளுக்கு எழுதிக் குடுக்குறானா? ரெண்டுல எது நெசமா இருந்தாலும் நான் சும்மா வுடுறதா இல்ல.

அதுக்குள்ள இவரு வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "மச்சான், உங்க தங்கச்சி வர்ற ஏப்ரல்லியே பரீட்சை எழுதிடலாம்"னு சேக் பரீதுகிட்ட சொல்லிட்டாரு. அவரும் யாவாரி ஆச்சே, உடனே நாளு குறிச்சுட்டாரு.

"சரி மச்சான். ஏப்ரல்ல பாஸ் பண்ணட்டும், ட்ரெயினிங் போவட்டும். இல்லேன்னா நெல்லிக்குப்பத்துல வெல்ல மண்டிக்காரரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்கு முடிச்சுடுறேன்."

அந்த வெல்ல மண்டிக்காரரை எனக்குத் தெரியும். ரெண்டு சம்சாரம் மவுத்தாயி, பெரிய மவனுக்கே மீசை நரைக்க ஆரம்பிச்சாச்சு. எனக்கு அமீருன்னிசா மேல கோவம்தான், ஆனாலும் அந்த ஆளுக்குக் கட்டிக்குடுக்க மனசு ஒப்பல.

அம்மாவுக்கு முடியலன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். எலெக்‌ஷன் நேரம். புதுச்சத்திரத்துல இருந்து செம்மங்குப்பம் வரைக்கும் வழியெல்லாம் கொடியும் மைக் செட்டும். எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. போயி மொதல்ல என்னா கேக்கணும், எப்புடிப் புடிக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன்.

வாசல்ல வந்தது சலீமா பீவி மாமி, சேக் பரீதோட அம்மா. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. நான் அவுங்களைச் சந்தேகப்பட்டுப் போனா, அவுங்க என்னைச் சந்தேகப்படுறாங்க.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எதுக்கு எம் பொண்ணுக்குப் புஸ்தகம் எழுதுறாரு?"ன்னாங்க.

"அதைத்தான் மாமி நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது கெடக்கட்டும், முப்பதையும் எழுதுனது யாரு?"

"யாரா? தெருவே எழுதுச்சு. தமாம் பண்ணித்தானே அனுப்புனோம், இன்னும் என்னா பாக்கி?"

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் அவுங்க சொல்லச் சொல்லத்தான் தலை சுத்துச்சு. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வூட்ல மவுத்து ஆனாலோ, ஏதாவது நாட்டம் இருந்தாலோ, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களைக் கூப்புட்டு ஜுஸுப் பெட்டியத் தொறப்போம். ஆளுக்கு ஒரு ஜுஸு எடுத்து ஓதுவோம். தனியா ஓதுனா மாசக் கணக்காவுற குர்ஆன் ஒரே மத்தியானத்துல முழுசா முடிஞ்சுடும். அதான் தமாம். ஓதுன நன்மைய யார் பேருக்கு நெனைக்கிறோமோ அவுங்களுக்குச் சேத்துடணும்னு துஆ கேட்டுட்டுக் கலைவோம். இவரு முப்பது புஸ்தகத்தை ஜுஸுப் பெட்டியில போட்டு, முப்பதையும் முடிச்சு ஒப்படைங்கன்னு சொல்லி அனுப்பினா அந்த வூட்ல என்னா நெனப்பாங்க? சேக் பரீது யாவாரத்துக்குப் போயிருந்த அன்னிக்கு, எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணுங்களை எல்லாம் மாமி கூப்புட்டிருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு, கெட்டிக்காரிங்களுக்கு ரெண்டு. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாடி முடிச்சு, அமீருன்னிசா பாஸ் பண்ணணும்னு துஆ கேட்டு, ஓதி முடிச்சா பங்கு வைக்கிற நார்சாவா பூந்தியும் பொட்டுக்கடலையும் குடுத்து அனுப்பியிருக்காங்க.

"கணக்குத் தெரியாதவங்க என்னா மாமி பண்ணாங்க?"

"மடிப்பைப் பிரிச்சா பதில் இருக்குல்ல, பாத்து எழுதுனாங்க. அதுக்குத்தானே உங்க வூட்டுக்காரரு உள்ள வெச்சிருக்காரு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அவளையே படிக்க வுட்டிருக்கலாமே மாமி"ன்னேன்.

"மொகம் தெரியாத ஆம்பள எழுதுனதை எம் பொண்ணு தனியா உக்காந்து படிக்கிறதா? உள்ள என்னா எழுதியிருக்கோ, யாரு கண்டா? பத்துப் பேரு படிச்சா பத்துப் பேரு கண்ணும் பாக்கும்"னாங்க. அந்த நிமிஷம் எனக்கு அவுங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சு. என்னை மாதிரியே ஒரு பொம்பளை.

அமீருன்னிசா அடுப்பங்கரையில இருந்து வந்தா. மூக்கும் முழியுமா ஒருத்திய எதிர்பாத்துப் போயிருந்தேன். வந்தது எலும்பும் தோலுமா ஒரு பொண்ணு, கையில கரி. என்னை அக்கா மொறைக்கு லாத்தான்னு கூப்புட்டு மெதுவாத்தான் பேசுனா.

"எனக்கு மொத புஸ்தகம் மட்டுந்தான் லாத்தா கெடைச்சுது. நல்லா இருந்துச்சு. தப்புப் பண்ணப் பண்ணத் திரும்பிப் போயிப் போயிப் படிச்சேன், யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவதை எடுக்கலாம்னு பாத்தா அடுத்த வூட்டுப் பொண்ணு அதை முடிச்சுட்டா. காலையில பெட்டியும் போயிடுச்சு."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னாடி?"

"யார்கிட்ட? உங்க வூட்டுக்காரர்கிட்டயா?"

ஏப்ரலுக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. நெல்லிக்குப்பம் ஞாபகம் வந்துச்சு. சிரிப்பெல்லாம் போயிடுச்சு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன்.

சிதம்பரம் வந்து இவர்கிட்ட சொன்னேன். அப்புடியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. அப்புறம், "புதுசா ஒரு செட்டு ஓட்டித் தர்றேன். ராப்பகலாப் படிச்சான்னா ஏப்ரலுக்குள்ள முடிச்சுடலாம்"னாரு.

"அவுங்கவுங்க வேகம்னு சொன்னது இந்த வாய்தானா?"ன்னேன். எனக்கு மூக்கு மேல கோவம். "நீங்க அவசரப்பட்டு நாக்கை நீட்டுனீங்க, அதுக்கு அவ ஓடணுமா?"

இருந்தாலும் புது செட்டு ஓட்டுனாரு. ரெண்டு பேரும் ஓ.டி.க்குப் போனோம். கூடத்துல சேக் பரீது, இவரு, நான். திரைக்குப் பின்னால மாமியும் அமீருன்னிசாவும். இவரு தொண்டையச் செருமிக்கிட்டு ஏதோ ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள திரைக்குப் பின்னால இருந்து சத்தம் வந்துச்சு.

"நான் ஏப்ரல்ல பரீட்சை எழுதல."

"ஏன்?"னாரு சேக் பரீது.

"எனக்கு மொத புஸ்தகம்தான் தெரியும். மிச்சமெல்லாம் தெருவுக்குத்தான் தெரியும்."

நடந்ததை அவளே சொன்னா. சேக் பரீது எங்க வூட்டுக்காரரைப் பாத்த பார்வை இருக்கே! "என்னா மச்சான், எங் காதுல பூ சுத்துறதுக்கு ஒரு வருஷமா ப்ளான் போட்டீங்களா?" இவரு தலை குனிஞ்சுட்டாரு. அந்தத் தலைய அப்புடிப் பாக்க எனக்கு மனசு தாங்கல.

"பேச்சு பேச்சுதான். நெல்லிக்குப்பத்துக்கு ஆள் அனுப்புறேன்"னாரு சேக் பரீது.

"நிக்காஹ்வுக்கு என் சம்மதம் வேணும்ல நானா? நான் குடுக்க மாட்டேன்." "அடுத்த வருஷம் ஏப்ரல்ல எழுதுறேன். ஃபெயிலாயிட்டா அவருக்கே சரின்னு சொல்லிடுறேன். அல்லா மேல ஆணையா. அதுவரைக்கும் என்னைப் படிக்க வுடுங்க."

"இந்த வூட்ல இருந்துக்கிட்டு எனக்கே சவாலா? படிக்கிறதுன்னா வேற எங்கியாவது போயிப் படி."

எனக்கு என்னா ஆச்சுன்னே தெரியல, எந்திரிச்சு நின்னுட்டேன். "துப்பட்டிய எடுடி, கெளம்பு. எங்க வூட்ல இருந்து படி"ன்னேன். எங்க வூட்டுக்காரரு என்னைப் பேயப் பாக்குற மாதிரி பாத்தாரு.

உடனே மாமி திரைய வெலக்கி எட்டிப் பாத்தாங்க. "இந்த ஆம்பள இருக்குற வூட்டுக்கா?"

"அவரு பள்ளிக்கூடத்துல படுத்துக்குவாரு மாமி."

"அப்ப நானும் வர்றேன்"னு மாமியும் துப்பட்டியப் போத்திக்கிட்டாங்க. பெத்த அம்மாவே கெளம்புவாங்கன்னு சேக் பரீது எதிர்பாக்கல. முந்திரி மூட்டை மேல உக்காந்தவரு, நாங்க தெருமுனை திரும்புற வரைக்கும் எந்திரிக்கல.

அரிசிக்கு ஊரே அலைஞ்ச காலம் அது. ரேஷன் கடை வரிசையில நின்னு வாங்குனதுல ரெண்டு வயிறு ஜாஸ்தி. இவரு வூட்டுக்குச் சாப்பிட வருவாரு, மாமி நடுவுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க, சாப்பிட்டுட்டுப் போயிடுவாரு. ஒரு சந்தேகம்கூடக் கேக்க அமீருன்னிசாவுக்கு வழி இல்ல. நான் தூது போனா இவரு, "பாடத்துலியே இருக்கு, திரும்பப் படிக்கச் சொல்லு"ன்னு சொல்லி அனுப்பிடுவாரு. அவ ஆடி மாசம் சதவீதத்துல மாட்டுனா. மழை புடிச்சு, தில்லையம்மன் கோயில் பக்கமெல்லாம் தண்ணி நின்னு வடிஞ்சுது, இவ சதவீதத்தை வுட்டு நகரல. அதே புஸ்தகம், அதே பக்கம். இவளுக்கு நெசமாவே வெளங்கலியா, இல்ல அண்ணன் வூட்டுக்குப் போவாம இருக்க இழுத்தடிக்கிறாளான்னு எனக்கு ஒரு நெனப்பு. மறைக்க மாட்டேன், அப்புடித்தான் நெனச்சேன். ஒருநாள் வாய வுட்டே கேட்டுட்டேன்.

அவ கோவிச்சுக்கல. "பதில் என்னான்னு எனக்குத் தெரியும் லாத்தா, பிரிச்சுப் பாத்துட்டேன். ஏன் அந்தப் பதில்னுதான் இன்னும் புரியல. புரியாம அடுத்ததுக்குப் போனா நானும் தெருவும் ஒண்ணுதானே"ன்னா.

எனக்கு வெக்கமாப் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரிச் சோத்துல அவ தட்டுல ஒரு கரண்டி ஜாஸ்தியா வெச்சேன். ஐப்பசியில ஒருநாள் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தவ சாம்பக் கையோட எந்திரிச்சு உள்ள ஓடுனா. அதுக்கப்புறம் புஸ்தகம் மளமளன்னு நகந்துச்சு.

அறுபத்தெட்டு ஏப்ரல்ல பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்னிக்கு நானும் மாமியும் ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தோம். எங்க வூட்டுக்காரரு வர மாட்டேன்னுட்டாரு, பயமாம். சேக் பரீது வந்து நின்னாரு. ஒரு வருஷமா வாசப்படி மிதிக்காத ஆளு.

"இந்தத் தடவையாவது இவதான் எழுதுறாளான்னு பாக்க வந்தேன்"னாரு. "நெல்லிக்குப்பத்துக்காரரு இன்னும் வேற எடம் பாக்கல. ஆணை போட்டிருக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

மாமி மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. மணி அடிச்சுது. பசங்களும் பொண்ணுங்களும் கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. கடைசியா அமீருன்னிசா வந்தா, துப்பட்டியச் சரி பண்ணிக்கிட்டு, அவசரமே இல்லாம.

"எப்புடிடீ எழுதுன?"

"ஒண்ணு தப்பு லாத்தா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பேப்பரைக் குடுத்துட்டு எந்திரிச்சப்ப தெரிஞ்சுது. ஆளும் நாளும் கணக்குல பெருக்குறதுக்குப் பதிலா வகுத்துட்டேன். மத்ததெல்லாம் சரி."

சேக் பரீது சிரிச்சாரு. "ரிசல்ட்டை நீயே சொல்லிட்டியா? ஏன் அஸ்மத்து, நீ கட்டுன புருஷனையே நம்பாத ஆளு. இவ சொல்றதை நம்புறியா?"

நான் அவ மொகத்தைப் பாத்தேன். அதுல பயமும் இல்ல, பெருமையும் இல்ல. தப்பு எதுன்னு தெரிஞ்ச மொகம். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு.

"நெல்லிக்குப்பத்துக்காரரை வேற எடம் பாக்கச் சொல்லிடுங்க நானா. இவ பாஸ்"ன்னேன்.

ரிசல்ட் வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு.